நம் தடுமாற்றத்தைப் பகிர்வோம்

(‘வகுப்பறையில் தொழில்நுட்பம்: அனுபவப் பகிர்வு’ என்ற தலைப்பில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மேடையில் இருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும், என்னைப் போலவே காலையில் வீட்டு வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு முதல் பேருந்தைப் பிடித்து வந்திருக்கும் ஆசிரியச் சொந்தங்களுக்கும் என் அன்பு.

“உங்கள் வகுப்பில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று இருபது நிமிடம் பேசுங்கள்” என்று கேட்டார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் நாம் வழக்கமாக என்ன செய்வோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். நன்றாக வந்த வகுப்பின் படங்கள் நான்கைத் திரையில் போடுவோம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கை தூக்கியிருப்பார்கள். கீழே இருப்பவர்கள் கைதட்டுவார்கள். நானும் அப்படிப் பலமுறை காட்டியிருக்கிறேன்.

இன்று நான் ஒரு படமும் கொண்டுவரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் பள்ளியில் படித்த ஒரு பையன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேன் என்பது கதை முடியும்போது உங்களுக்கே புரியும்.

ஒரு நிமிடப் பதிவு

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் மூன்றாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கு வந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அவன் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு என்னிடம் வந்தான். எழுத்தெல்லாம் தெரியும். தனித்தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவான். ஆனால் ஒரு வரி படிக்கச் சொன்னால் வாக்கியம் எங்கேயோ போய் முட்டி நிற்கும்.

என்ன பிரச்சினை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவன் படிக்கும்போது காது அவனிடம் இருக்கும், கண் பின்வரிசையில் இருக்கும். அப்போதுதான் கைப்பேசியில் இருக்கும் குரல் பதிவு செயலியைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. புதிய செயலி எதையும் இறக்கவில்லை. எல்லாக் கைப்பேசியிலும் இருப்பதுதான். மதிய இடைவேளையில் ஒவ்வொரு பிள்ளையாக வேப்பமரத்தடிக்கு வரச்சொல்லி, ஒரு நிமிடம் படிக்கவைத்துப் பதிவு செய்தேன். “இது உனக்காக. அடுத்த மாதம் மறுபடி பதிவோம். நீயே கேட்டுப்பார், எவ்வளவு மாறியிருக்கிறாய் என்று” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து அவனுடைய பதிவைக் கேட்டேன். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. ‘கண்ணன் பட்டம் விட்டான்’ என்பதை அவன் ‘கணன் படம் விடான்’ என்று படித்திருந்தான். ‘குட்டை’ என்பது ‘குடை’ ஆகியிருந்தது. ‘எட்டு’ என்பது ‘எடு’. உங்களுக்குப் புரிந்திருக்கும். அவன் புள்ளி வைத்த எழுத்தைக் கண்டாலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். மெய்யெழுத்தில் நின்று போகவேண்டும் என்பது அவனுக்குக் கிடைக்காமலே போய்விட்டது. குட்டையில் குடை மிதந்தால் கதை எப்படிப் புரியும்? அதனால்தான் இரண்டாவது வரியிலேயே படிப்பதை விட்டுவிடுகிறான்.

வகுப்பில் மூன்று மாதம் கேட்டும் எனக்குத் தெரியாதது, மூன்று நிமிடப் பதிவில் தெரிந்தது.

மறுநாள் அவனிடம் புத்தகத்தைக் கொடுத்து, அவன் குரலையே கேட்கவைத்தேன். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே கேட்டவன், “டீச்சர், நான் புள்ளிய விட்டுட்டேன்” என்றான். அவனே கண்டுபிடித்தான். அப்புறம் வேலை எளிதாகிவிட்டது. புள்ளி வைத்த எழுத்து வரும்போதெல்லாம் ஒரு கைதட்டு. ‘பட்’ தட்டு ‘டம்’. ‘குட்’ தட்டு ‘டை’. இரண்டு மாதத்தில் ஒரு பத்தியைத் தடங்கல் குறைவாகப் படித்தான். மெதுவாகத்தான். ஆனால் படித்ததைத் திருப்பிச் சொன்னான்.

இதுவரை சொன்னது, நாம் வழக்கமாகப் பகிரும் பகுதி. கைதட்டு வாங்கும் பகுதி. நானும் அதைத்தான் செய்தேன். முதல் மாதப் பதிவையும் மூன்றாம் மாதப் பதிவையும் அடுத்தடுத்து வைத்து, ‘மாற்றம்’ என்று தலைப்புக் கொடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அவன் பெயரைப் போடவில்லை. அது போதும் என்று நினைத்தேன். சின்ன ஊரில் ஒரு குரலுக்குப் பெயர் வேறு வேண்டுமா?

பாராட்டு குவிந்தது. யாரோ இன்னொரு குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இன்னொன்று. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ அது எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டது. இரண்டு பதிவில் பிள்ளைகளுக்குப் பிடித்தது முதல் பதிவுதான். அவன் தெருவில் நடந்தால் நாலு பேர் சேர்ந்து ‘கணன் படம் விடான்’ என்று ராகம் போட ஆரம்பித்தார்கள்.

அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

காய்ச்சல் என்று நினைத்து மூன்று நாள் விட்டுவிட்டேன். பிறகுதான் உடன் படிக்கும் ஒரு பெண் விஷயத்தைச் சொன்னாள். மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா நடவு முடித்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னார். கோபமே படவில்லை. “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க டீச்சர். ஆனா அவன் காதுல விழுறது அந்தப் பாட்டுதான்” என்றார்.

பையன் உள்ளே இருந்து வெளியே வரவில்லை. நான் வாசல்படியிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “அது எனக்குன்னு சொல்லித்தானே டீச்சர் பதிஞ்சீங்க?”

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பணியில் சேர்ந்து பதினெட்டு ஆண்டுகளில் எத்தனையோ ஆய்வு, எத்தனையோ விளக்கக் கடிதம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்விக்கு முன்னால் நின்றதில்லை.

ஒன்பதாவது நாள் அம்மாவோடு வந்தான். அந்த வாரம் எங்கள் கணித ஆசிரியரிடம் ஒரு தெலுங்கு முதல் வகுப்புப் புத்தகம் வாங்கினேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எனக்கு அந்த எழுத்து பாதிதான் தெரியும். வகுப்பின் முன் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் கைப்பேசியை அவனிடம் கொடுத்து என்னைப் பதிவு செய்யச் சொன்னேன். நான் திணறத் திணற வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். முடிந்ததும், “இத என்ன செய்யலாம்னு நீயே சொல்லுப்பா” என்றேன். கொஞ்சம் யோசித்தான். “வேணாம் டீச்சர், அழிச்சிடுவோம்” என்று அவனே அழித்துவிட்டான்.

அவன் இப்போது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறான். ஆனால் படிக்கிறான்.

எதைப் பகிர்வது?

இந்த நிகழ்வுக்குப் பிறகு நான் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொண்டேன். பகிர வேண்டியது என் தடுமாற்றம். பகிரக் கூடாதது பிள்ளையின் தடுமாற்றம். நான் செய்தது நேர் எதிர். என் தடுமாற்றத்தை, அதாவது மூன்று மாதம் அவனுடைய பிழை எனக்குப் பிடிபடவில்லை என்பதை, அந்தப் பதிவில் எங்கும் சொல்லவில்லை. அவனுடைய தடுமாற்றத்தை ஊருக்கெல்லாம் கேட்கவைத்தேன்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. முகமும் குரலும் மதிப்பெண்ணும் பிள்ளையுடையவை என்ற எண்ணம் நமக்குச் சட்டத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

அதற்காகப் பகிர்வதையே நிறுத்திவிடலாமா? கூடாது. அந்தக் குரல் பதிவு உத்தி நல்ல உத்தி. உங்களில் யாரேனும் நாளைக்கே செய்து பார்க்கலாம். பதிவு ஆசிரியர் கைப்பேசியில் ஓராண்டு இருக்கட்டும், பிள்ளையும் பெற்றோரும் மட்டும் கேட்கட்டும், ஆண்டு முடிவில் அழித்துவிடுங்கள். உத்தியைச் சொல்லுங்கள், எங்கே சறுக்கியது என்று சொல்லுங்கள். குரலை அனுப்பாதீர்கள்.

எங்கள் பள்ளியில் இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டபின் அரை மணி நேரம், நாங்கள் ஆறு ஆசிரியர்களும் உட்கார்ந்து சரியாக வராத வகுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அங்கே கிடைத்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அறிவியல் ஆசிரியர் சொன்னது. 2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோது, பக்கத்திலேயே கியூஆர் குறியீடு இருந்தது நம் எல்லாருக்கும் பெரிய மகிழ்ச்சி. அவர் ஒவ்வொரு பாடத்துக்கும் காணொலியைப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். தேர்வில் பார்த்தால், படம் நினைவிருக்கிறது, பாடம் இல்லை. இப்போது அவர் ஒரு விதி வைத்திருக்கிறார். கையால் செய்யக்கூடியதைத் திரையில் காட்டுவதில்லை. எரியும் மெழுகுவத்தி இரண்டின் மேல் சின்னக் கண்ணாடி டம்ளர் ஒன்றும் பெரியது ஒன்றும் கவிழ்த்தால் எது முதலில் அணையும்? இதற்குக் காணொலி எதற்கு? முதலில் ஒவ்வொருவரும் நோட்டில் தங்கள் ஊகத்தை எழுத வேண்டும். பிறகு செய்து பார்க்க வேண்டும். பிறகு காரணம் சொல்ல வேண்டும். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதையோ எரிமலையையோ வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. அவற்றைத் திரையில் காட்டுகிறார். அப்போதும் ஒலியை அணைத்துவிட்டு ஓடவிட்டு, “என்ன நடக்கிறது, நீ சொல்” என்கிறார். நடுவில் மூன்று இடத்திலாவது நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேட்கிறார். ஐந்து நிமிடக் காணொலி ஒரு பாடவேளை முழுவதும் வருகிறது.

இரண்டாவது, கணித ஆசிரியருடையது. பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கைப்பேசி வேண்டாம். ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை. அட்டையை எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறார்கள் என்பதுதான் விடை: அ, ஆ, இ, ஈ. ஆசிரியர் தம் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஓடவிட்டால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுத முடியாது, ஏனென்றால் ஒவ்வோர் அட்டையும் வேறு மாதிரி. மூன்றில் ஒரு பங்கு பெரிதா, ஐந்தில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டாராம். வகுப்பில் பாதிக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு என்றார்கள். கை தூக்கச் சொல்லியிருந்தால் முன்வரிசை நாலு பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள், இவர் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார். “ஏன்?” என்று கேட்டபோது ஒரு சிறுமி, “அஞ்சு பெருசு சார்” என்றாளாம். உடனே சத்துணவுக் கூடத்திலிருந்து இரண்டு தோசை கொண்டுவந்து ஒன்றை மூன்று பேருக்கும் இன்னொன்றை ஐந்து பேருக்கும் பங்கிட்டால் யாருக்கு அதிகம் கிடைக்கும் என்று வரைந்து காட்டச் சொன்னார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மையில் தோசை இல்லை. கரும்பலகையில் இரண்டு வட்டம்தான் வரைந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. இணைய இணைப்பு இல்லாத நாளில் நாலு நிற அட்டையை வைத்து இதே வேலையைச் செய்கிறார். பெயர்வாரியாக விவரம் கிடைக்காது, ஆனால் வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஆங்கில ஆசிரியரின் தோல்வி. அவர் அனுமதியோடு சொல்கிறேன். திறன் வகுப்பறைத் திரையில் வினாடி வினா விளையாட்டு நடத்தினார். மதிப்பெண் பட்டியல் திரையிலேயே மேலும் கீழும் நகரும். முதல் நாள் வகுப்பே அதிர்ந்தது. மூன்றாவது வாரம் பார்த்தால் மேலே எப்போதும் அதே மூன்று பெயர்கள். கடைசியில் இருந்த பிள்ளைகள் கேள்வியைப் படிக்காமலே ஏதோ ஒன்றை அழுத்த ஆரம்பித்துவிட்டார்கள். எப்படியும் கடைசிதானே. இப்போது பட்டியலை மறைத்துவிட்டு, இருவர் இருவராகச் சேர்த்து, விடையோடு காரணமும் சொன்னால்தான் அடுத்த கேள்வி என்று மாற்றியிருக்கிறார். ஆரவாரம் குறைந்துவிட்டது. பேச்சு கூடியிருக்கிறது.

இளைய ஆசிரியர்கள் செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்கிறார்கள். நானும் பயிற்சித் தாள் தயாரிக்கப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒரே கதையை மூன்று வாசிப்பு நிலைக்கு ஏற்ப எழுதித் தரச் சொன்னால் தருகிறது, நேரம் மிச்சமாகிறது. ஆனால் ஒருமுறை வல்லினம் மிகும் இடம், மிகா இடம் இரண்டையும் கலந்துகட்டி, தவறான எடுத்துக்காட்டை உறுதியான குரலில் கொடுத்தது. நான் படித்துப் பார்க்காமல் நகல் எடுத்திருந்தால் நாற்பது பிள்ளைகள் தவறாகப் படித்திருப்பார்கள். அது தயாரித்ததை ஒரு வரி விடாமல் படித்துத் திருத்தாமல் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை என்பது என் வழக்கம்.

திரை அறியாதது

வகுப்பறைக்குக் கருவி வருவது புதிதல்ல. 1975 ஆகஸ்டிலிருந்து 1976 ஜூலை வரை, இஸ்ரோ அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியது. பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊராருக்கு. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2019-இல் நம் மாநிலத்தில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அது இல்லையென்றால் பல வீடுகளில் பாடமே இருந்திருக்காது. இவையெல்லாம் பெரிய முயற்சிகள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. திரை பிள்ளையைப் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவன் புள்ளியைத் தாண்டிப் படிக்கிறானா என்பது அதற்குத் தெரியாது.

2015-இல் ஓஇசிடி அமைப்பு பல நாட்டு மாணவர்களின் தேர்ச்சியை ஒப்பிட்டு வெளியிட்ட அறிக்கை, பள்ளிக் கணினிகளுக்குப் பெருந்தொகை செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்று சொன்னது. அதைக் கேட்டுக் கருவிகளை மூட்டை கட்டிவிட வேண்டாம். டெல்லியில் நடுநிலை வகுப்பு மாணவர்களிடம் நடந்து, 2019-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. பள்ளி நேரத்துக்குப் பின், ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலிருந்து கேள்வி கேட்கும் மென்பொருளோடு, சிறு குழுப் பயிற்சியும் கொடுத்தார்கள். நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். பிள்ளை நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் கருவி பயன்படுகிறது. அதைச் செய்யாத கருவி, எவ்வளவு விலையானாலும், நல்ல அலங்காரம்.

சீர்திருத்தத்தைப் பற்றி மூன்று வேண்டுகோள்

நான் 2004-இல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். எனக்கு மூத்தவர்கள் 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தைப் பார்த்தவர்கள். என் காலத்தில் செயல்வழிக் கற்றல், சமச்சீர்க் கல்வி, முப்பருவ முறை, புதிய பாடத்திட்டம், இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் பயிற்சிக்குப் போனேன். சிலவற்றை விரும்பிச் செய்தேன், சிலவற்றை முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான முறையைப் பார்த்துவந்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் கொண்டுவந்தார்கள். ஏணிப்படி, அட்டைகள், கீழ்மட்டக் கரும்பலகை, பாய். அட்டை கிழிந்தது, சின்னம் தொலைந்தது, ஏணிப்படியில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைவிடப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அதிகமானது. எங்கள் பள்ளியில் இன்று ஒரு அட்டைகூட மிச்சமில்லை. ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறது. நான் பாயில் உட்காரக் கற்றுக்கொண்டேன். பிள்ளைக்குப் பக்கத்தில், அதன் நோட்டு எனக்கு நேராகத் தெரியும் உயரத்தில். அதைச் சுற்றறிக்கை கற்றுத்தரவில்லை. பக்கத்துப் பள்ளி அக்கா ஒருவர், “நாற்காலியில உக்காந்தா இது ஓடாதும்மா, எனக்கும் மொதல்ல ஓடல” என்று சொல்லிக் காட்டினார். ‘எனக்கும் முதலில் ஓடவில்லை’ என்ற அந்தச் சொல்தான் என்னை உட்கார வைத்தது.

ஜப்பானில் ‘ஜுகியோ கென்க்யூ’ என்று ஒரு பழக்கம் இருக்கிறது. பாட ஆய்வு என்று சொல்லலாம். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துவார்கள். 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய நூல் வழியாக இது உலகில் பரவலாகத் தெரியவந்தது. இதற்கு மின்சாரம்கூட வேண்டாம். வேண்டியது நேரமும், ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையும்.

எனவே பெரியவர்கள் இருக்கும் இந்த அவையில் மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறேன்.

ஒன்று, நேரம். நாங்கள் ஆறு பேர் பள்ளி விட்டபின் பேசும் அந்த அரை மணி நேரம், பேருந்தைத் தவறவிட்டுப் பேசும் அரை மணி நேரம். மாதத்தில் ஒரு பாடவேளையாவது ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கவும் பேசவும் கால அட்டவணையிலேயே இடம் வேண்டும்.

இரண்டு, தரவு. பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை நாம் நிறையவே உள்ளிடுகிறோம். உள்ளிட்டது நமக்குப் பயன்படும் வடிவில் திரும்பி வரவேண்டும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஒரு பிள்ளை அரும்பிலிருந்து மொட்டுக்கு ஏன் வரவில்லை என்று அடுத்த திங்கட்கிழமைக்குள் ஆசிரியருக்குப் புரிய உதவினால், பதிவிடுவது எவருக்கும் சுமையாக இருக்காது.

மூன்றுதான் முக்கியமானது. ‘இது என் வகுப்பில் சரியாக வரவில்லை’ என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அது குறையாக எழுதப்படக் கூடாது. அந்தப் பயம் இருக்கும்வரை நாங்கள் படம்தான் அனுப்புவோம். படங்களைப் பார்த்து மேலே இருப்பவர்கள் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நம்புவார்கள். அடுத்த சீர்திருத்தம் அந்த நம்பிக்கையின்மேல் கட்டப்படும். நடுவில் அந்தப் பையன் புள்ளியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பான்.

நான்கு வரித் தாள்

கடைசியாக ஒன்று. உங்கள் மேசையில் அரைத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் நான்கு கேள்விகள்தான். வகுப்பில் எனக்கு இருந்த சிக்கல் என்ன? அதற்கு நான் என்ன செய்து பார்த்தேன்? எந்த இடத்தில் சறுக்கியது? எப்படிப்பட்ட பிள்ளைக்கு இது எட்டவில்லை? ஒரு கேள்விக்கு ஒரு வரி போதும். பிள்ளையின் பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், குரல் வேண்டாம். உங்கள் பெயர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் நான் உங்களைத் தொடர்புகொண்டு, ‘அப்புறம் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும்.

முதல் தாளை நானே நிரப்பிவிட்டேன். முதல் கேள்விக்கு, ‘மூன்று மாதம் ஒரு பையனின் வாசிப்புப் பிழை எனக்குப் பிடிபடவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு, ‘அவனுக்கென்று பதிந்ததை ஊருக்கு அனுப்பினேன்’ என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை கூசியது. எழுதி முடித்தபின் கொஞ்சம் லேசாக இருந்தது.

சாப்பாட்டு மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் தாளைப் படித்துக் காட்டுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.